வலது தோள்

ஒன்பது வருஷம் படியேறாத வீட்டுக்கு அவளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது அண்ணனுடைய வலது தோள்தான். பித்தப்பையில் கல் என்று வயிற்றில் நான்கு சின்னத் துளை போட்டுப் பையோடு எடுத்தார்கள். துளை போட்டது வயிற்றில், வலி வந்து உட்கார்ந்தது தோளில். உடம்பும் சில சமயம் பெரிய குடும்பம் மாதிரிதான் நடந்துகொள்கிறது. ஒருத்தர் பட்ட அடிக்கு இன்னொருத்தர் அழுவார்.

அவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த இரண்டு அறை வலி நிவாரண நிலையத்தில் பதினான்கு வருஷமாக உடம்பு பிடித்துவிடுகிறவள் அவள். இடுப்பில் நரம்பு நசுங்கிப் போய், கணுக்கால் வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டு வருவார்கள். கழுத்தில் கோளாறு இருக்கும், விரல் நுனி மரத்துப்போச்சு என்பார்கள். அவள் வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கட்டைவிரலை ஊன்றி, "இங்கதானே?" என்பாள். படுத்திருக்கும் ஆள் துள்ளுவார். எண்ணெய்க் கிண்ணத்திலும் சுடுதுண்டிலும் நாள் முழுக்கப் புழங்கிய கை என்பதால் அது எப்போதும் கதகதப்பாகவே இருக்கும். வருகிறவர்கள் அவளுக்கு 'வெந்நீர்க்கை' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அவளிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. வலிக்கிறதா என்று யார் வாயையும் கேட்க மாட்டாள், காலைப் பார்ப்பாள். சரியான இடத்தில் விரல் பட்டால் கால்விரல் தானாகச் சுருங்கும். வீம்புக்கு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லும் மீசைக்காரர்களைக்கூட அவர்கள் கால்விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கைதான் சண்டைக்கும் காரணம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அண்ணன் வீட்டில் ஏழெட்டு விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, சோறு பரிமாற அவள் கரண்டியை எடுத்தாள். "கண்டவன் முதுகைத் தேய்ச்ச கை. நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து எடு" என்றாள் அண்ணி. எல்லார் காதிலும் விழுந்தது. அவள் போய்க் கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள், ஈரக்கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்றோடு நாத்தனாருக்கும் அண்ணிக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போய்வருவது அவருக்குத் தொழிலிலும் இருந்தது, வீட்டிலும் இருந்தது. இவள் சொன்னதை அங்கேயும் அவள் சொன்னதை இங்கேயும் கொண்டுபோவார். ஆனால் சொன்னபடி கொண்டுபோக மாட்டார், முள்ளை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார். "உன் அண்ணி நேத்துகூட உன்னைப் பத்தி நல்லாத்தான் பேசினா, பாப்பா" என்பார். அண்ணி அப்படி ஒரு வார்த்தை பேசியிருக்கவே மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வயதில் தன்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் என்பதால் மறுத்துப் பேச மாட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவர்தான் ஃபோன் செய்தார். "தோள் கழண்டு விழற மாதிரி இருக்கு பாப்பா. வந்து பாக்கறியா? உன் அண்ணி வேலைக்குப் போயிடுவா. ஆறரை ஆகும் வர." அண்ணிக்கு ஒரு பெரிய சலவைக் கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை.

போவதற்கு முன்னால் அவள் நிலையத்தை நடத்தும் பிசியோவிடம் கேட்டாள். அவர் கெட்டிக்காரர், விளக்கமாகவே சொன்னார். "வயித்துக்குள்ள காத்தை ஏத்தி உப்ப வெச்சுத்தான் கேமராவை விடுவாங்க. அந்தக் காத்து மேல போய் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசைச் சுவரை முட்டும். அந்தச் சுவருக்குப் போற நரம்பும் தோளுக்கு வர்ற நரம்பும் கழுத்துல ஒரே இடத்துலதான் கிளம்புது. மூளைக்குக் குழப்பம், தோள்தான் வலிக்குதுன்னு எடுத்துக்கும். ரெண்டு மூணு நாள்ல காத்து அடங்கிடும். அடங்கலைன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ, ஆபரேஷன் ஆன உடம்பை டாக்டர் எழுதிக் கொடுக்காம நாம தொடக்கூடாது." அவள் தலையை ஆட்டினாள். அன்று மூன்று மணிக்கே அண்ணன் வீட்டில் எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் பிடித்துவிட்டாள். நான்காம் நாள் வலி சுத்தமாகப் போய்விட்டது. காற்று அடங்கியதால் தானாகப் போன வலி அது. ஆனால் அவளுடைய கை போக்கியதாகத்தான் அந்த வீட்டில் பேச்சு. அவரும் நம்பினார், அவளும் நம்பினாள், அண்ணிகூட "பரவாயில்லையே" என்று சொன்னதாகத் தகவல் வந்தது. எல்லாம் கெட்டது அந்த நம்பிக்கையால்தான்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டரும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து, அதே தோளில், அதே இடத்தில் வலி திரும்ப வந்தது. அவர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்யவில்லை. தங்கைக்குச் செய்தார். அவளும் பிசியோவிடம் வாயைத் திறக்கவில்லை. விதியை மீறித் தொட்டது தெரிந்தால் வேலை போய்விடும்.

தினமும் மூன்றிலிருந்து ஐந்து வரை. கழுத்தின் பக்கவாட்டில் தேடினாள். தோள்பட்டை எலும்பின் ஓரமாகத் தேடினாள். அக்குளுக்கு மேலே இறுகிக் கிடந்த சதையில் கட்டைவிரலை ஊன்றி, எண்ணி முப்பது வரை விடாமல் அழுத்தினாள். வலி ஒரு இடத்திலும் வேர் இன்னொரு இடத்திலும் இருக்கும் என்று நிலையத்துக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள்தான். ஆனால் அந்த வேரை அவள் தன் கை எட்டுகிற தூரத்துக்குள்தான் தேடினாள். கை எட்டாத இடமும் உடம்பில் இருக்கிறது என்பது, பாவம், அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிடித்து முடித்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து, வலது கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். "பாத்தியா? முக்கால்வாசி போயிடுச்சு. உன் கை கையே இல்ல பாப்பா, கோயில் கட்டலாம்."

"கட்டுங்க. உண்டியல் சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

அவர் சிரிப்பார். சிரிப்பு பாதியில் விக்கலாக மாறும். அந்த நாட்களில் அவருக்கு ஓயாமல் விக்கல். "யாரோ நினைக்கிறாங்கண்ணே" என்பாள் இவள். "ஆமா, பதினாலாவது மாடியில லிஃப்ட் நின்னுபோய் உள்ள மாட்டிக்கிட்டவன் நினைக்கிறான்" என்பார் அவர். இரண்டு பேரும் விக்கலை வைத்து இப்படி விளையாடினார்கள். உள்ளே அந்தத் தசைச் சுவரை ஏதோ சீண்டிக்கொண்டிருந்ததால்தான் விக்கல் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

கால் இரண்டையும் அவர் எப்போதும் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தார். "காலை வெளிய எடுங்கண்ணே" என்றால், "குளிருது பாப்பா" என்பார். அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

உடம்பு சுட்டதும் அவளுக்குப் பத்து நாள் தெரியவில்லை. கை எப்போதும் சூடாக இருப்பவளுக்கு அடுத்தவர் சூடு எப்படித் தெரியும்? ஒரு நாள் அவர் எழுந்திருக்கத் தடுமாறி, நெற்றி இவள் கன்னத்தில் பட்டது. அடுப்புச் சட்டியைத் தொட்டாற்போலத் துணுக்குற்றாள்.

"என்னண்ணே, இப்படிக் கொதிக்குது?"

"சாயங்காலம் கொஞ்சம் வரும். மாத்திரை போட்டா அடங்கிடும். இதைப் போய் உன் அண்ணிகிட்ட சொல்லிவெக்காதே, பயந்துடுவா."

"நான் எங்க அவங்ககிட்ட பேசறேன்? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"அதெல்லாம் அவ தேதி வாங்கிட்டா. அடுத்த வாரம் போறோம்."

அண்ணி தேதி எதுவும் வாங்கவில்லை. அண்ணி ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் அவர் வேறு கதை சொல்லியிருந்தார். "பாப்பா அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டா. ஆபரேஷனுக்கு அப்புறம் நரம்பு வலி இப்படித்தான் இருக்குமாம். ஒரு மாசம் ஆகுமாம்." மறுபடி கத்தி வைத்துவிடுவார்களோ என்று அந்த மனுஷனுக்கு உள்ளூர நடுக்கம். அதைச் சொல்ல வெட்கம். கூடவே, ஒன்பது வருஷம் கழித்துத் தங்கை தன் வீட்டில் எண்ணெய் காய்ச்சுகிற வாசனை அவருக்குத் திகட்டாத சந்தோஷம். இவள் கேட்டால் அண்ணி பார்த்துக்கொள்கிறாள், அண்ணி கேட்டால் இவள் பார்த்துக்கொள்கிறாள். ஒரு ஃபோன் போட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். யார் முதலில் பேசுவது என்பதில்தான் இந்தக் குடும்பத்தின் மானமே அடங்கியிருந்தது. எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

வலி திரும்ப வந்த இருபத்திரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து அவளுக்கு ஃபோன் வந்தது.

"நான்தான் பேசறேன்."

"யாரு?"

"நான்தான்... உன் அண்ணி. அவருக்கு மூச்சு விட முடியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வா."

அவள் போட்ட உடையோடு ஓடினாள். அவசரப் பிரிவின் கட்டிலில் அவர் தலையணைகளில் சாய்ந்து, நாய் இரைப்பதுபோலக் குட்டிக்குட்டியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. இளம் டாக்டர் ஒருத்தி கையில் தாளோடு கேட்டாள், "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு நாளா" என்றார் அவர். தங்கையைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல.

"ரெண்டு நாள் இல்ல டாக்டர், தோள்வலி ரெண்டு மூணு வாரமா இருக்கு. ஆனா அது நரம்பு வலின்னு..." என்று அண்ணி இவளைப் பார்த்தாள்.

"காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல" என்றாள் அண்ணி. அவள் ஆறரை மணிக்கு வீடு வருவதற்குள் மாத்திரை வேலை செய்திருக்கும்.

தங்கை ஒரு நிமிஷம் சும்மா நின்றாள். சொன்னால் வேலை போகும், அண்ணியின் வாயில் விழ வேண்டும், அண்ணனைப் பொய்யனாக்க வேண்டும். இந்த மூன்றையும் அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவள் நினைத்துப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "இருபத்திரண்டு நாள், டாக்டர். ஒரு நாள் விடாம நான்தான் பிடிச்சுவிட்டேன். பன்னிரண்டு நாளா தினமும் சாயங்காலம் காய்ச்சல். எனக்குத் தெரிஞ்சே பன்னிரண்டு. அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கும். விக்கலும் இருந்துச்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணன் தங்கையைப் பார்த்து, "ஏன் பாப்பா சொன்னே?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது.

பெரிய டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். ஈரலுக்கு மேலே, அந்தத் தசைச் சுவருக்கு அடியில், சீழ் கட்டி ஒரு பை மாதிரி நிற்கிறது. வாரக்கணக்காகச் சேர்ந்திருக்கிறது. இப்போது விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. அது சுவரை முட்டியதால்தான் தோளில் வலி. "தோள்ல ஒண்ணுமே இல்லம்மா" என்றார். திட்டக்கூட இல்லை. "ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா ஊசி விட்டு உறிஞ்சியிருப்போம்."

உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே இரும்பு நாற்காலி வரிசை. நடுவில் ஒரு நாற்காலியை விட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணி எந்த நேரமும் வாயைத் திறந்து தன்னைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"நீ பிடிச்சுவிட்டா குறையுதுன்னு சொன்னாரா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"தினமும் சொன்னாரு அண்ணி. கையைச் சுத்திச் சுத்திக் காட்டினாரே."

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒரு நாள்கூடக் குறைஞ்சதில்ல. ராத்திரி படுக்கவே முடியாது. சுவத்துல சாஞ்சு உக்காந்து வாய்க்குள்ள துண்டை வெச்சுக் கடிச்சுக்கிட்டு அழுவாரு. நீ அழுத்தின இடம் கன்னிப்போய் இருக்கும், தொடக்கூட விடமாட்டாரு. அவகிட்ட சொல்லுங்களேன்னு சொன்னா, சொன்னா வராம போயிடுவாம்பாரு. நான் காலையில வேலைக்குக் கிளம்பறப்போ கால்ல போர்வையைச் சுத்திட்டுப் போகச் சொல்வாரு. அவ காலைப் பாத்தா கண்டுபிடிச்சுடுவான்னு."

அவள் தன் கைகளை மடிக்குள் மறைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே அண்ணி" என்றாள்.

"நீயும் பண்ணியிருக்கலாம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் அதன்பிறகு இரண்டு பேரும் ஓயாமல் பேசினார்கள். எந்தத் தேதியில் காய்ச்சல், எந்தத் தேதியில் சாப்பிடாமல் எழுந்தார், எப்போது விக்கல் ஆரம்பித்தது என்று, பகலை இவள் சொல்ல, இரவை அவள் சொல்ல, இருபத்திரண்டு நாளையும் ஒன்றுவிடாமல் கோர்த்துவிட்டார்கள். எந்த டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் பத்து நிமிஷத்தில் நோயைச் சொல்லியிருப்பார்.

சீழை எடுத்துவிட்டார்கள். விஷம் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், கண் திறந்திருக்கிறார், ஒரு ஆள் மட்டும் ஐந்து நிமிஷம் பார்க்கலாம் என்றார்கள். "நீ போ" என்றாள் அண்ணி. "உன்னைத்தான் தேடுவாரு."

அவள் போனாள். குழாய்களுக்கு நடுவில் அவர் பாதியாய்ச் சுருங்கிப்போயிருந்தார். மேல் துணி விலகி வலது தோள் தெரிந்தது. அவளுடைய கட்டைவிரல் ஊன்றிய இடங்களெல்லாம் பழுப்பும் மஞ்சளுமாக வரிசையாகக் கன்னிக் கிடந்தன. என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். பரவாயில்லை பாப்பா என்பார், முக்கால்வாசி போயிடுச்சு என்பார். அதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்ட வேண்டும் என்று வாசலிலேயே தன்னைத் தயார்பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அழுத்தாமல், சும்மா தோள் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வலிக்குது பாப்பா" என்றார்.

"எங்கண்ணே?"

அவர் தோளைக் காட்டவில்லை. விரலை மெதுவாக நகர்த்தி, விலாவுக்குக் கீழே கட்டுப் போட்டிருந்த இடத்தில் வைத்தார். "உள்ள. முடியல பாப்பா. ஏதாவது பண்ணச் சொல்லு."

பதினான்கு வருஷம் வலியோடு மல்லுக்கட்டியவளுக்கு அந்த நேரத்தில் செய்ய ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கையை எடுத்தாள். "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். நர்ஸ் வந்து குழாயில் மருந்தை ஏற்றினாள். அவர் கண் சொருகும்வரை அவள் கட்டிலைத் தொடாமல் தள்ளி நின்றாள்.

வெளியே அண்ணி எழுந்து வந்தாள். "பேசினாரா? என்ன சொன்னாரு?"

நல்லாயிருக்கேன்னு சொன்னாரு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவள் இடத்தில் அண்ணன் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"வலிக்குதுன்னு சொன்னாரு அண்ணி. முடியலன்னு சொன்னாரு."

அண்ணி நடு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"உன்கிட்டயே சொல்லிட்டாரா?" என்றாள். "அப்ப இனிமே தேறமாட்டாரு."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் போய்விட்டார்.